கண்புரை ஆபரேஷனும் தடித்த கண்ணாடிக்காரர்களும்

(கிளைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும் எல்லாருடைய கண்ணையும் பற்றியல்ல. சிறு வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, அதைக் கழற்றினால் எதிரே வருவது மண்டோரா மாடா என்று தெரியாமல் தவிக்கிறார்களே, அவர்களுடைய கண்ணைப் பற்றி. கண்ணாடிச் சீட்டில் மைனஸ் 6 அல்லது அதற்கு மேல் எழுதியிருந்தால் டாக்டர்கள் அதைக் கடுமையான கிட்டப்பார்வை என்பார்கள். இவர்களுக்குப் புரை விழுந்தால் மற்றவர்களுக்குச் செய்கிற அதே ஆபரேஷனைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் நடக்க வேண்டிய காரியங்கள் அதிகம். அவற்றில் ஒன்று டாக்டர் மட்டும் செய்து முடிக்கக்கூடியதல்ல. நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டியது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லயத்தில் யாருக்குக் கண் மங்கினாலும் “சதை வளர்ந்துவிட்டது” என்கிறோம். வெயிலிலும் தூசியிலும் உழைப்பவர்களுக்கு வெள்ளைவிழியிலிருந்து கருவிழியை நோக்கி ஏறுகிற சதை வேறு. அது முகக் கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். புரை என்பது கண்ணின் உள்ளே, கருமணிக்குப் பின்னால் இருக்கும் இயற்கை வில்லை மங்கிப்போவது. தெளிந்த நீர் வடித்த கஞ்சியாக மாறினால் எப்படியோ அப்படி. மலேசியாவில் 2014-ஆம் ஆண்டு நடந்த தேசியக் கண் ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்வை இழப்பதற்கு முதற்காரணம் புரையே என்று தெரியவந்தது. தேன் விட்டாலும், தாய்ப்பால் விட்டாலும், கடையில் விற்கும் எந்தச் சொட்டு மருந்தை விட்டாலும் அது கரைவதில்லை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பது ஒன்றே வழி.

கிட்டப்பார்வை கடுமையாக உள்ளவர்களுக்குப் புரை கொஞ்சம் முந்தியே, நாற்பதிலும் ஐம்பதிலும்கூட, வருவதுண்டு. அது வருகிற விதமும் ஏமாற்றுவது. வில்லையின் நடுப்பகுதி இறுக இறுகக் கண்ணாடியின் மைனஸ் பவர் ஏறிக்கொண்டே போகும். மைனஸ் 8 போட்டவருக்கு மைனஸ் 10 வேண்டியதாகும். அடுத்த வருஷம் மைனஸ் 12. “கண்ணாடிக் கடைக்காரன் சரியாகப் பார்க்கவில்லை” என்று கடை கடையாக ஏறி இறங்கி, புதுக் கண்ணாடிக்கு வெள்ளியைக் கொட்டுகிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் பவர் இப்படி ஓடினால் கண்ணாடிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு, சர்க்கார் கிளினிக்கில் சீட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

இப்போது வில்லை விஷயத்துக்கு வருவோம். நம் பாட்டனார் காலத்தில் புரையை எடுத்ததோடு சரி. உள்ளே ஒன்றும் வைக்கமாட்டார்கள். ஆகையால்தான் அந்தக் காலத்துக் கிழவர்கள் சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அலைந்தார்கள். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர், கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் முதல் ஆபரேஷனைச் செய்தார். யுத்தத்தில் விமானத்தின் மேல்மூடி சிதறி, பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தைத்தபோது, அந்தத் துண்டுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். அந்த யோசனையில் பிறந்ததுதான் இந்த வைத்தியம். ஆனால் ஒரு வேடிக்கை: அந்த முதல் வில்லையின் பவர் தேவைக்கு வெகு அதிகமாகிப்போய், சிகிச்சை பெற்ற பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வையே மிஞ்சியது. வில்லையைக் கண் ஏற்றுக்கொண்டது, கணக்குத்தான் ஏற்கவில்லை. கண்ணுக்குள் வைப்பதைவிட எந்தப் பவரை வைப்பது என்பதே பெரிய பிரச்சினை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து போடுகிறார்கள். சாதாரணக் கண் முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். நம் தடித்த கண்ணாடிக்காரர்களின் கண் அதைவிட நீளம். 26, 28, சிலருக்கு 30-க்கும் மேலே போகும். நீண்டுபோன கண்ணின் பின்சுவர் மெலிந்து, ஊதிய பலூனில் ஒரு பக்கம் புடைப்பது போலப் புடைத்துக்கொள்வதும் உண்டு. சாதாரணக் கண்ணில் ஒரு மில்லிமீட்டர் தப்பாக அளந்தால் ஏறக்குறைய இரண்டரைப் பவர் தவறிப்போகும். பின்சுவர் புடைத்த கண்ணில் ஒலிக்கருவியை வைத்து அளந்தால், பார்வை விழுகிற இடத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தின் அடியை அளந்துவிடக்கூடும். ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கருவியில், ஒரு சிறு வெளிச்சத்தை நாமே உற்றுப் பார்க்கிறோம். ஆகவே அளவு சரியான இடத்தில் விழுகிறது. புரை மிகவும் முற்றிவிட்டால் ஒளி உள்ளே புகாது. அப்போது ஒலிக்கருவிதான் கதி. கடுமையான கிட்டப்பார்வையுள்ளவர்கள் புரை கல்லாக இறுகும்வரை காத்திருக்கக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இத்தோடு தீரவில்லை. நீண்ட கண்ணுக்குப் பழைய சூத்திரங்களைக் கொண்டு கணக்குப் போட்டால், வேண்டிய பவருக்குக் குறைந்த வில்லையே வந்து அமையும். அப்படி அமைந்தால் வாழ்நாளெல்லாம் மைனஸாக இருந்தவர் பிளஸாகிவிடுவார். தூரமும் தெளியாது, கிட்டவும் தெளியாது. இப்போது நீண்ட கண்ணுக்கு ஏற்ற புதிய சூத்திரங்கள் வந்துவிட்டன. அப்படியும், சற்று மைனஸில் நிற்கும்படியாகவே குறிவைக்கும் டாக்டர்கள் பலர். “உங்களுக்குப் பூஜ்யம் பவர் வில்லை” என்று டாக்டர் சொன்னால் கேலி செய்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். மிக நீண்ட கண்ணுக்கு அதுவும் தேவைப்படும். அதற்குக் கீழே மைனஸ் வில்லைகளும் உண்டு. பவர் இல்லாத வில்லை எதற்கு என்றால், வில்லை இருந்த பையைத் தாங்கிப் பிடித்துக் கண்ணின் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் பிரித்து வைப்பதற்கு.

அளக்கிற நாளுக்கு முன் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதை நிறுத்திவிட வேண்டும். மெல்லிய வகையை ஒன்றிரண்டு வாரமும், கெட்டி வகையை அதைவிட வெகுநாளும் போடாமல் இருக்கச் சொல்வார்கள். எத்தனை நாள் என்று அளக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தை அழுத்தி மாற்றியிருக்கும், அது பழையபடி திரும்ப வேண்டும் அல்லவா? கண்ணாடியை ஒழிப்பதற்காக லேசர் செய்துகொண்ட இளைய கிராணிமார்கள் இருந்தால், அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகளைக் கண்டபடி எறிந்துவிடாதீர்கள். கையோடு கொண்டு போங்கள்.

தோழர்களே! இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

செயற்கை வில்லை இயற்கை வில்லையைப் போலக் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானே மாறிக்கொள்ளாது. சாதாரண வில்லை ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும். மற்றத் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும். எந்தத் தூரம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். பிறகு மாற்றுவது சுலபமல்ல. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் தூரப்பார்வைக்கே வைப்பார்கள். பொதுஜனங்களில் அநேகர் அதைத்தான் கேட்கிறார்கள். அதில் டாக்டரைக் குறைசொல்ல இடமில்லை.

எங்களுக்குத் தெரிந்த பால்வெட்டு அம்மாள் ஒருவர் மைனஸ் 11 கண்ணாடி போட்டிருந்தவர். ஆபரேஷன் வெகு நன்றாக முடிந்தது. கட்டை அவிழ்த்ததும் வாசலில் நின்று தூரத்துக் குன்றில் இருக்கும் மரத்தை எண்ணினார். வீடே சந்தோஷப்பட்டது. மறுவாரம் பேத்தியின் சட்டைக்குப் பித்தான் தைக்க உட்கார்ந்தார், ஊசிக்காது தெரியவில்லை. லயத்தில் எல்லாருக்கும் ஊசி கோத்துக் கொடுத்தவர் அவர்தான். கண்ணாடியைக் கழற்றி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எறும்பின் கால்கூடத் தெரிந்த கண் அது. “நல்லா இருந்த கண்ணைக் கெடுத்திட்டாங்களே” என்று அழுதார். யாரும் கெடுக்கவில்லை. மைனஸ் 11 போனால் அதனோடு சேர்ந்து அந்தக் கிட்டத்துத் தெளிவும் போய்விடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தையல் வேலை உண்டு என்று அவரும் டாக்டரிடம் சொல்லவில்லை. இப்போது படிக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிக் காரியம் நடக்கிறது. ஆனால் அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வேறொரு தோட்டத்துக் கிராணியார் மைனஸ் 8. நாற்பது வருஷமாகக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுச் செக்ரோல் எழுதிப் பழகியவர். டாக்டர் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: “ஐயா, எனக்குப் புத்தகமும் கணக்கும் கண்ணாடியில்லாமல் தெரிய வேண்டும். தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், அது எனக்குப் பழக்கம்தான்.” அவருக்கு மைனஸ் இரண்டரையில் நிற்கும்படி வில்லை வைத்தார்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது மெல்லிய கண்ணாடி. மேசையில் உட்கார்ந்தால் அதுவும் வேண்டாம்.

இருவரில் யார் செய்தது சரி என்பதல்ல விஷயம். தூரம் தெளிவாக வேண்டும் என்று விரும்பிக் கேட்பதும் நியாயமே. ஆற்றில் குளித்தாலும் மழையில் நனைந்தாலும் உலகம் தெரிய வேண்டும் என்று ஆயுள் முழுதும் ஏங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எது கிடைக்கிறது, எது போகிறது என்று தெரிந்து கேட்க வேண்டும்.

கணக்கு மிகவும் எளிது. 100-ஐ மைனஸ் பவரால் வகுத்தால், கண்ணாடியில்லாமல் எத்தனை செண்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும் என்பது வந்துவிடும். மைனஸ் 10 என்றால் 10 செண்டிமீட்டர். மைனஸ் 3 என்றால் 33. மைனஸ் 2 என்றால் 50. மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர். புத்தகம் படிப்பது 35 முதல் 40 செண்டிமீட்டரில். கம்ப்யூட்டர் திரை 60 அளவில். பால்வெட்டுக்கு? அதைத்தான் எந்த டாக்டரும் அறியமாட்டார். பட்டைக்குள் கத்தி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மரத்தின் உயிர்த்தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்த வேண்டும். கொஞ்சம் தப்பினால் மரம் காயம், கொஞ்சம் மேலே நின்றால் பால் குறைவு. அதுவும் விடியுமுன், நெற்றிவிளக்கின் வெளிச்சத்தில்.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். வழக்கம்போல் கத்தியைப் பிடித்து மரத்தில் வைத்து நில்லுங்கள். கூட இருப்பவர் உங்கள் கண்ணிலிருந்து வெட்டுக்கோடு வரை ஒரு நூலைப் பிடித்து அளக்கட்டும். தாழ்ந்த வெட்டுக்கு ஓர் அளவு, உயர்ந்த வெட்டுக்கு ஓர் அளவு. கிராணிமார்கள் மேசையிலும் திரைக்கு முன்னாலும் அளந்துகொள்ளுங்கள். தைக்கிற தாய்மார்கள் ஊசிக்கும் அளக்கலாம். இவற்றைச் செண்டிமீட்டரில் எழுதி, எது வேலைக்கு மிக அவசியம் என்று ஒரு கோடு போட்டு டாக்டரிடம் கொடுங்கள். நாம் பத்து நிமிஷம் பேசினாலும் புரியாத சங்கதி அந்தத் துண்டுச் சீட்டில் புரிந்துவிடும்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கிற முறையும் உண்டு. எல்லாருக்கும் அது ஒத்துவராது. முதலில் காண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பரீட்சித்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும். தனியார் இடங்களில் எல்லாத் தூரமும் தெரியும் வில்லை என்று விலை கூடிய சரக்கைக் காட்டுவார்கள். பொய்ச் சரக்கு அல்ல. ஆனால் அதைப் போட்டால் இருட்டில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கல் வெளிச்சத்தில் நுணுக்கம் குறையலாம். கிட்டப்பார்வையால் விழித்திரை பழுதுபட்டவர்களுக்கு அது பெரும்பாலும் ஏற்றதல்ல. நெற்றிவிளக்கோடு வேலை செய்கிறவர் கடன் வாங்கி அதை வைத்துக்கொள்ளுமுன் இருமுறை யோசிக்கட்டும்.

அடுத்தது இரண்டாவது கண். வழக்கமாக ஒரு கண்ணை முடித்து, சில வாரம் கழித்து மறு கண்ணைச் செய்கிறார்கள். சாதாரணக் கண்ணுக்கு இந்த இடைவெளி பெரிய தொல்லையல்ல. நமக்கோ ஒரு கண் மைனஸ் 2, மறு கண் மைனஸ் 10 என்று நிற்கும். இரண்டுக்கும் சேர்த்துக் கண்ணாடி போட்டால் ஒரு கண்ணில் உருவம் பெரிது, மறு கண்ணில் சிறிது. தலை சுற்றும், படி தப்பும். செய்யாத கண்ணுக்குக் காண்டாக்ட் லென்ஸ் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் பாலும் தூசியும் வியர்வையும் படிகிற வெட்டு வேலையில் அது உகந்ததல்ல. ஆகையால் முதல் கண்ணுக்கு நாள் குறிக்கும்போதே இரண்டாவது கண் எப்போது என்று கேட்டுவிடுங்கள். மறு கண்ணில் புரை அதிகமில்லாவிட்டாலும், இந்தப் பவர் வித்தியாசத்தையே காரணமாகக் காட்டிச் சீக்கிரம் நாள் கேட்பது தப்பல்ல.

விழித்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும். நீண்ட கண்ணின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது கிழிந்து பிரிந்துவிடும் அபாயம், ஆபரேஷன் இல்லாமலே மற்றவர்களைவிட அதிகம். ஆபரேஷனுக்குப் பின் இன்னும் அதிகம், அதிலும் வயது குறைந்த ஆண்களுக்கு. ஆதலால் கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு, விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை, கிழிசல் இருந்தால் முதலில் லேசர் வைத்து அடைப்பார்கள். நடுப்பகுதி முன்பே தேய்ந்திருந்தால் புரையை எடுத்தாலும் முழுப்பார்வை வராது. எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றமில்லை. மருந்து விட்ட அன்று சில மணி நேரம் பார்வை கலங்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஆள் வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வருஷங்கள் ஆன பிறகும் இந்த அடையாளங்கள் நினைவில் இருக்கட்டும்: கண்முன் கொசு பறப்பது திடீரென்று கூடுவது, ஓரத்தில் மின்னல் வெட்டுவது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது. விடியற்காலை இருட்டில் நிரைக்குப் போகும்போது பக்கத்து ஆளின் விளக்குதான் மின்னுகிறது என்று எண்ணி இருந்துவிட இடமுண்டு. கண்ணை மூடினாலும் மின்னினால் அது விளக்கல்ல. ஞாயிற்றுக்கிழமையானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். பிரிந்த திரையை நேரத்தோடு ஒட்டலாம். நாள் கடந்தால் கடினம்.

மரத்துப்போக ஊசி போடும் விஷயமும் ஒன்றுண்டு. நீண்ட கண்ணில், பின்னால் ஊசி குத்தும்போது விழிச்சுவரில் பட்டுவிடும் அபாயம் இருப்பதால், இப்போது சொட்டு மருந்தோ முனை மழுங்கிய குழாயோ கொண்டு மரக்கச் செய்வதையே பலர் விரும்புகிறார்கள். “கடுமையான கிட்டப்பார்வை” என்று மயக்க டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூத்திரம் தடைப்படுவதற்குச் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரை ஆபரேஷன் வேளையில் கருமணியைத் தளரச் செய்யும். வெட்கப்பட்டு மறைக்கும் ஆண்கள் அதிகம், மறைக்காதீர்கள். இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் சர்க்கரையை அடக்கி வைத்திருக்க வேண்டும்.

லீவு விஷயம். காலையில் போய் மாலையில் திரும்பும் ஆபரேஷன் என்பதால், “ஆஸ்பத்திரியில் படுக்கவில்லையே” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60F பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய அளவு நோய் என்று டாக்டர் எழுதியிருந்தால், எக்காரணத்தால் படுக்காமல் இருந்தாலும் படுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரி லீவு வருஷத்துக்கு 60 நாள். 2023-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், வேலை செய்த வருஷத்தைப் பொறுத்துக் கிடைக்கும் 14, 18 அல்லது 22 நாள் நோய் லீவில் அந்த 60 நாளைக் கழிக்க முடியாது. எம்.சி. கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்; தவறினால் சொல்லாமல் நின்றதாகக் கணக்காகும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து லீவைத் திட்டமிடுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது அவசரம் வேண்டாம். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்பார்கள். பால் வாளி தூக்குவதும், பட்டைத்தூள் கண்ணில் விழுவதும், ஸ்டோரில் அமோனியாவும் பார்மிக் ஆசிடும் தெறிப்பதும் நம் தொழில் என்பதை டாக்டரிடம் நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சொல்லி, எத்தனை வாரம் இலகு வேலை என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரை விட வேண்டும். பார்வை தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்துவது நம்மவர்கள் வழக்கம்.

அளவுச் சீட்டை மலாயில் எழுதிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் வசதி. எழுதத் தெரியாதவர்களுக்குப் படிக்கும் பிள்ளைகளோ தோட்டத்து எச்.ஏ.யோ எழுதித் தரட்டும். எங்கள் கமிட்டி மேசையில் அளவுநாடாவும் காகிதமும் வைத்திருக்கிறோம். கண்ணாடிச் சீட்டைக் கொண்டுவந்திருக்கும் தோழர்கள் கூட்டம் கலையுமுன் வந்து தங்கள் பவரைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.